ஒரு ஆளுக்கு ஒரு துண்டு

குரு என்றால் தாடி இருக்கும், தலைக்கு மேல் ஒரு ஆலமரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் குரு பூப்போட்ட கவுனும் ரப்பர் செருப்பும் போட்டவள். பெயர் எஸ்மி. திருச்சி பொன்மலையில், ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் கடைசிப் பெண். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் கரி அடுப்பைப் பற்றவைத்து, மாட்டுக்கறியில் ஸ்டேக், அதாவது தடிமனான ஒற்றைத் துண்டு, சுடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாள்.

சொல்லிக்கொடுப்பாள் என்பதுகூடச் சரியில்லை. யாராவது ஏதாவது கேட்டால் அவளும் பதிலுக்கு ஒன்று கேட்பாள். பொறுமை இல்லாதவர்கள் இரண்டாவது வாரம் வருவதில்லை.

சீடரும் வழக்கமான சீடர் இல்லை. குருவைவிட வயதில் ரொம்பப் பெரியவர். சிக்கந்தர் பாய் என்றால் பாலக்கரையில் தெரியாதவர்கள் கிடையாது. பிரியாணி மாஸ்டர். கல்யாணம், கந்தூரி, கட்சிக் கூட்டம் என்று ஐந்நூறு பேர், ஆயிரம் பேருக்கு ஆக்கியே பழகிய கை. அவர் தன் பெரிய பிரியாணி அண்டாவான தேக்சாவின் மூடியைத் திறந்தால் தெருமுனையில் போகிறவனும் சைக்கிளை நிறுத்துவான். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனமான பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க எஸ்மியின் மாடிப்படி ஏறி வந்தார்.

"மிஸ், எனக்கு ஸ்டேக் போடக் கத்துக்கணும்."

"கடையில போடவா, பாய்?"

"இல்ல. வீட்டுக்கு."

"வீட்ல எத்தனை பேரு?"

"அவ ஒருத்திக்குத்தான்."

"யாரு?"

"என் வீட்டுக்காரி. ஜொகரா."

எஸ்மி பையை எட்டிப் பார்த்தாள்.

"இதுல எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு கிலோ."

"ஒருத்திக்கா?"

பாய் பையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"அதுக்குக் கீழ வாங்கிப் பழக்கமில்ல, மிஸ்."

எஸ்மி சிரிக்கவில்லை. அடுப்பில் கரியை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த வாரம் ஒரு துண்டு கொண்டு வாங்க. நீங்க வழக்கமா வாங்குற கறிக்கடையிலேயே, உங்க ஆளு ஹலாலா அறுத்ததா வாங்கிக்கங்க. பாத்திரமும் உங்களுதே இருக்கட்டும்."

"அப்ப இந்த அஞ்சு கிலோவ?"

"அதை என்ன செய்யிறதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதே இல்லை. அன்று மத்தியானம் பாயின் தெருவுக்கே பிரியாணி. எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

ஜொகரா அவர் கையால் ஆக்கியதைச் சாப்பிட்டுப் பல மாதம் ஆகிறது.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பண்ணிவிடலாம். இது வேறு. இளைய மகள் கல்யாணத்தில் நடந்தது. அவர்கள் வீட்டு விசேஷங்களில் சகன் வைப்பது வழக்கம். ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் கொட்டி, சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. பக்கத்தில் இருப்பவர் பக்கம் நல்ல கறியைத் தள்ளிவிடுவது மரியாதை. ஆண்கள் பந்தி முடிந்து பெண்கள் பந்தி. பெண்ணுக்கு அம்மா என்பதால் ஜொகரா எல்லாரையும் உட்காரவைத்து, பரிமாறி, பிள்ளைகளுக்கு ஊட்டி, கடைசிச் சகனில் மூன்று கிழவிகளோடு உட்கார்ந்தாள். பாய் ஆக்கிய தேக்சாவில் கரண்டி அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. வந்தது அடிப்பிடித்த சோறு. அதில் இரண்டு துண்டு கறி இருந்தது. அதையும் அவள் கிழவிகள் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஊர் முழுக்க வயிறார வாழ்த்திவிட்டுப் போனது. பெண்ணைப் பெற்றவளுக்குக் கறி இல்லை.

யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஜொகராவும் சிரித்தாள். பாயும்தான் சிரித்தார்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு சின்னச் சட்டியில் தனக்கென்று ரசமோ கஞ்சியோ வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அவர் எதைக் கொண்டுவந்து வைத்தாலும், "பசிக்கல" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. குரலும் உயராது. அவருக்குத் துணி துவைத்துப் போடுவாள், தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவாள். அவர் சமைத்ததை மட்டும் தொட மாட்டாள்.

ஊரே நக்கிச் சாப்பிடுகிற கை, வீட்டில் செல்லாமல் போனால் ஒரு சமையல்காரனுக்கு எப்படி இருக்கும்? பாய்க்குப் பயமாக இருந்தது. அவளை வேறு எப்படிச் சமாதானப்படுத்துவது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே மொழி சமையல்தான்.

ஒருநாள் டிவியில் யாரோ ஒரு வெள்ளைத் தொப்பிக்காரன் சமைத்துக்கொண்டிருந்தான். பெரிய தட்டு. நடுவில் ஒரே ஒரு கறித்துண்டு. அதைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் முன்னால் வைத்தான். அந்தப் பெண் கத்தியை எடுத்தாள்.

ஜொகரா பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அது முழுசும் அந்தப் பொம்பளைக்கு மட்டுந்தானா?"

அவ்வளவுதான். திரும்பப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள். பாய்க்கு அன்று தூக்கம் வரவில்லை. விசாரித்து விசாரித்து எஸ்மியின் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் அவர் குருவிடம் சொன்னது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர் கையில் சின்னப் பை. அதற்குள் இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு துண்டு அண்டர்கட், எலும்பும் கொழுப்பும் இல்லாத முதுகுக்கறி.

"கடைக்காரன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள் எஸ்மி.

"பூனை வளர்க்கிறீங்களா பாய்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

இந்தத் தடவை எஸ்மி சிரித்துவிட்டாள். பாயும் சிரித்தார். பிறகு இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.

உப்பு டப்பாவைத் திறந்ததும் பாயின் கை தானாக உள்ளே போய், ஒரு குத்து அள்ளிக்கொண்டு வந்தது. துண்டின் மேல் விழுந்தது. வெள்ளையாக மூடியது.

"கழுவுங்க," என்றாள் எஸ்மி.

கழுவினார். மறுபடி கை உள்ளே போனது. இந்தத் தடவை அரைக் குத்து.

"கழுவுங்க."

"மிஸ், கறி நைஞ்சு போயிடும்."

"அது நைஞ்சு போனா வேற வாங்கிக்கலாம். கை பழகணும்."

மூன்றாவது தடவை மூன்று விரலால் எடுத்தார். நீங்கள் அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறவர் மாதிரி இருந்தது.

"அடுத்த வாரம் உங்க மசாலாவுல ஊறவச்சு எடுத்துட்டு வாங்க," என்று குரு அனுப்பிவைத்தாள்.

மசாலா என்றால் பாயிடம் விளையாட முடியாது. தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், பட்டை, கிராம்பு, கூடவே மெத்தென்று ஆகட்டும் என்று பப்பாளிக்காய் அரைத்த விழுது. முற்றின மாட்டையே பஞ்சாக்கிவிடுகிற கைப்பக்குவம். ராத்திரி முழுக்க ஊறவைத்தார். காலையில் டப்பாவைத் திறந்தபோது வாசனை ஊரைத் தூக்கியது. எஸ்மியே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள்.

கம்பி வலையின் மேல் துண்டை வைத்தார். சொய்யென்றது. திருப்புவதற்காக இடுக்கியால் பிடித்தார். பாதி இடுக்கியோடு வந்தது. மீதி கம்பிக்கு நடுவே நழுவிக் கரியில் விழுந்து புகைந்தது.

பாய் இடுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"தேக்சாவுல இப்படி ஆகாது, மிஸ்."

"ஆகாது. அங்க பக்கத்துல இருக்கிறது தாங்கிக்கும். இது தனியா நிக்கணும்."

"பப்பாளிய விட்டுடறேன். தயிரக் குறைக்கிறேன். இஞ்சிய..."

"பாய், ஜொகராவுக்கு இஞ்சி பிடிக்குமா?"

பாய் இடுக்கியை வைத்துவிட்டு மசாலா டப்பாவை மூடினார்.

"தயிரு?"

"தெரியல, மிஸ்."

"மிளகாய்க் காரமா, மிளகுக் காரமா?"

"அவ எதக் குடுத்தாலும் சாப்பிடுவா, மிஸ். ஒரு நாளும் இது வேணும் அது வேணும்னு கேட்டதில்ல."

"இப்ப சாப்பிடலைன்னுதானே வந்திருக்கீங்க?"

குரு அடுப்பில் விழுந்த கறியைக் குச்சியால் எடுத்து வெளியே போட்டாள். சீடர் டப்பாவைப் பையில் வைத்தார். அதற்குமேல் அன்று ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாரம் சிக்கந்தர் பாய் செய்த காரியம் பாலக்கரையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கேலி பேசிச் சிரித்திருப்பார்கள். வந்த ஆர்டரைத் தம்பியிடம் தள்ளிவிட்டு, ஒவ்வொரு நாளும் தன் வீட்டு அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன, இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் ஜொகரா.

"வெங்காயம் உரிக்கிறேன்."

"இன்னைக்கு வெங்காயமே வேண்டாமே."

"நாளைக்கு ஆகும்ல."

அவள் மேலும் கீழும் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அவர் வெங்காயத்தைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். கேட்டால் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். "எதுன்னாலும் சரிங்க" என்றுதான் பதில் வரும். அதனால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பை கொண்டுவரவில்லை. வந்ததும் வராததுமாகப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி ஒப்பித்தார்.

"மிளகு, மிஸ். ரசத்துல ஒண்ணும் ரெண்டுமா தட்டிப் போடறா. வாயில கடிபடணும் அவளுக்கு. எலுமிச்சம்பழம்னா உசிரு. கஞ்சியிலகூடப் பிழிஞ்சுக்கிறா. தயிரு தொடவே மாட்டேங்கிறா."

"இஞ்சி?"

பாயின் குரல் இறங்கியது.

"பக்கத்து வீட்டுலேர்ந்து குழம்பு வந்துச்சு, அதுல இருந்த இஞ்சிய எடுத்து ஓரமா வைக்கிறா, மிஸ். என் மசாலாவுல பாதி நறுக்கின இஞ்சிதான். இத்தனை வருஷமா தினமும் எடுத்து ஓரமா வச்சிருக்கா. நான் பார்த்ததே இல்ல."

எஸ்மி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இன்னொண்ணு பார்த்தேன்," என்றார் பாய், குடித்துவிட்டு. "அப்பளத்த எண்ணெயில போடாம நெருப்புலேயே சுடறா. ஓரம் கருகற வரைக்கும் காட்டறா. அந்தக் கருகின ஓரத்த மொதல்ல கடிக்கிறா. மத்ததெல்லாம் அப்புறந்தான். அடிச்சோத்த அவ தலையெழுத்தேன்னு சாப்பிடறான்னு நெனச்சிருந்தேன். அவளுக்கு அந்தக் கருகல் பிடிக்கும் மிஸ். நெசமாவே பிடிக்கும்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அடுப்பும் பற்றவைக்கவில்லை.

குரு உள்ளே போய் மிளகு, பூண்டு, எலுமிச்சம்பழம், நல்லெண்ணெய், அம்மிக்குழவி எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"இனி உங்களுக்கே தெரியும். தட்டுங்க."

அதன்பின் சில வாரம் அடுப்பில் கழிந்தது. ஊறவைக்கும் கை சரியாகிவிட்டது. இப்போது சுடும் கை தொந்தரவு கொடுத்தது. பாய்க்குக் கறியை அமுக்காமல் இருக்க முடியவில்லை. துண்டு கம்பியில் விழுந்ததும் கரண்டியால் ஒரு அழுத்து. சாறு வழிந்து கரியில் விழும். நெருப்பு குப்பென்று எழும்பும். அவருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. பின்னாலேயே ஒரு புரட்டு, மறுபடி ஒரு அழுத்து.

"மிஸ், ஏன் வறண்டு போகுது? நல்லாத்தானே ஊறியிருக்கு?"

எஸ்மி கீழே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். விளிம்பு வரை நிரப்பியிருந்தாள். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு டம்ளரைக் கொடுத்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க. சிந்தக் கூடாது."

"இத வச்சுக்கிட்டு எப்படி மிஸ் அடுப்பப் பார்க்கிறது?"

"பார்க்கிறதுக்குக் கண்ணு போதுமே."

பாய் டீயைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரண்டியை எடுக்கக் கை பரபரத்தது. துண்டு தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தது. ஓரம் சுருங்கிக் கருத்தது. எஸ்மி ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டாள். டீ ஆறுவதற்குள் துண்டு தட்டுக்கு வந்துவிட்டது.

உடனே கத்தியை எடுத்தார். பிரியாணி மாஸ்டருக்கு மூடியைத் திறந்ததும் ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பார்த்தாக வேண்டும். எஸ்மி அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"இன்னும் வேகுது."

"அடுப்புல இருந்து எடுத்தாச்சே?"

"தம் போட்டு நெருப்ப இழுத்த பிறகு உங்க தேக்சா சும்மாவா இருக்கும்?"

அது அவருக்குப் புரிந்தது. தட்டுக்கு எதிரே அமர்ந்து டீயைக் குடித்து முடித்தார். பிறகு வெட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"இது ஆகாது, மிஸ். எங்க வீட்ல உள்ள செவப்பா இருந்தா தொட மாட்டாங்க."

"அப்ப நெருப்பு கம்மியா இருக்கிற ஓரத்துல இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."

"தப்பில்லையா? டிவியில செவப்பாதான் காட்டினான்."

"டிவிக்காரனா சாப்பிடப் போறான்?"

ஸ்டேக் சாப்பிடத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். துண்டு அவர்களுடையது அல்ல.

கடைசியில் ஒருநாள் பாய் குருவின் முன் தயங்கி நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வீட்ல போடலாம்னு இருக்கேன்."

"போடுங்க."

"நீங்க வரணும், மிஸ். அவளுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாய் ருசி பார்த்துச் சொல்லணும்."

"ஏன், நீங்க பார்க்க மாட்டீங்களா?"

"பார்ப்பேன். ருசி பார்க்காம நான் இதுவரைக்கும் ஒரு தேக்சாவையும் பந்திக்கு அனுப்பினதில்ல."

எஸ்மி தட்டில் கிடந்த துண்டைக் காட்டினாள். அதன் மூலையில் அவர் ருசி பார்க்க வெட்டியெடுத்த இடம் குழியாக இருந்தது.

"இது முழுசா இருக்கா, பாய்?"

பாய் அந்தக் குழியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ருசி பார்க்காம எப்படி மிஸ் வைக்கிறது? உப்பு கூடியிருந்தா? கசந்திருந்தா?"

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும்," என்றாள் குரு. அதோடு பாடம் முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து, வீட்டுக் கொல்லையில் கரி அடுப்பைப் பற்றவைத்தார். மூன்று விரலால் உப்பு. ஒன்றும் இரண்டுமாகத் தட்டிய மிளகு. எலுமிச்சம்பழம். இஞ்சி இல்லை. ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் வேண்டுமென்றே நெருப்புக்குக் காட்டிக் கருகவிட்டார். அமுக்கவில்லை. ருசி பார்க்கவில்லை. எடுத்து வைத்து, அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பீங்கான் தட்டில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். கொண்டுபோய் ஜொகராவின் முன்னால் வைத்தார்.

"என்னங்க இது?"

"ஸ்டேக்."

அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"அந்த டிவியில பார்த்ததா?"

"ஆமா."

"இதுக்குத்தான் வாராவாரம் காணாமப் போனீங்களா?"

"ஆமா. முழுசும் ஒனக்குத்தான், ஜொகரா."

அவள் குனிந்து முகர்ந்தாள். மிளகு வாசனை. முகம் இளகியது. பல மாதமாக அவர் பார்க்காத முகம் அது. கத்தியை எடுத்தாள். துண்டை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைத் தட்டிலேயே அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்க ஒரு வாய்."

பாய் பதறிப்போனார்.

"இல்லல்ல. இது ஒனக்கு மட்டும்."

"ஒரு வாய்தானேங்க."

"வேண்டாங்கிறேன்ல. இப்பவும் பங்கு வச்சா எப்படி? முழுசும் நீதான் சாப்பிடணும். அதுக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்!" என்று அந்தப் பாதியைத் திரும்ப அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. இன்னொரு தட்டை எடுத்து அதன் மேல் கவிழ்த்து மூடினாள்.

"பசிக்கல," என்றாள்.

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெயில் சாய்வதற்குள் சிக்கந்தர் பாய் பொன்மலைக்கு வந்து சேர்ந்தார். எஸ்மி மாடியில் கம்பி வலையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

"மிளகு கூடிடுச்சா, மிஸ்? இல்ல எலுமிச்சையா? நான் ருசி பார்த்திருக்கணும். அவ வாயிலயே வைக்கலையே!"

எஸ்மி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டா வெட்டினாங்கன்னு சொன்னீங்களே. சரிபாதியா?"

"இல்ல. ஒண்ணு பெருசு."

"உங்க பக்கம் எதைத் தள்ளினாங்க?"

"பெருச."

"கருகின ஓரம் எதுல இருந்துச்சு?"

பாய் கண்ணை மூடி அந்தத் தட்டை நினைத்துப் பார்த்தார்.

"அதுலதான்," என்றார். "எனக்குத் தள்ளினதுலதான் இருந்துச்சு."

பாய் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்தார்.

"அந்தத் துண்டு யாரோடது, பாய்?"

"அவளோடது."

"முழுசுமா?"

"முழுசும் அவளோடதுதான்."

"அப்ப அதை யாருக்குக் குடுக்கணும்னு யார் சொல்லணும்?"

"அவதான்," என்றார் பாய், தலையைக் குனிந்துகொண்டு. எஸ்மி கம்பி வலையைச் சுவரில் சாய்த்துவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போற வழியில வேற துண்டு வாங்கிட்டுப் போறேன், மிஸ்," என்றார் பாய், எழுந்துகொண்டே. "புதுசா சுட்டு வைக்கிறேன். அது இந்நேரம் ஆறிப் போயிருக்கும்."

"வேண்டாம். அவங்க தள்ளின அந்தப் பாதியையே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க," என்றாள் எஸ்மி. "இத்தனை வருஷமா ஆறினதெல்லாம் அவங்கதானே சாப்பிட்டாங்க? இன்னைக்கு ஒரு நாள் நீங்க சாப்பிடுங்க, பாய்."